பவுனம்மா வண்டியின் சைலன்சர்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. இரவு ஷிப்டு முடித்து வந்து படுத்த எனக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிட்டது. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பக்கத்து பிளாக்கில் கல்யாண மேளம் அடித்தபோதே அசையாமல் தூங்கியவன் நான். அன்று ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் என் மனைவி செண்பகம் மஞ்சள் பையும் கையுமாக நின்றிருந்தாள். "காய் வண்டி இன்னும் வரலியே. இந்நேரம் வந்திருக்கணும்லா," என்றாள். தெருவில் எல்லா அடுக்களை ஜன்னல்களிலும் முகங்கள். கொஞ்ச நேரத்தில் கேட் வாட்ச்மேன் சைக்கிளில் வந்தார். திருவேற்காட்டிலிருந்து ஆள் வந்து சொன்னார்களாம். விடியற்காலை நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பவுனம்மாவின் உயிர் போய்விட்டது. செண்பகம் பையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பவுனம்மாவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டவர் நம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வரதராஜன். கேட்கும்போதே, "அந்த சைலன்சர் கதைய விட்றாதீங்க," என்றார். விடுவேனா? அதில் அவரும்தானே வருகிறார்!

ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்த நாங்கள் பல ஊர்க்காரர்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். எதிர்வீடு சேலம், மாடி வீடு நாகர்கோவில். ஆளுக்கொரு காய், ஆளுக்கொரு ருசி. எல்லோருடைய சமையலும் பவுனம்மாவுக்கு அத்துப்படி. எங்களுக்குத் தடியங்காய், எதிர்வீட்டுக்குக் கொத்தவரங்காய் என்று அவரே எடுத்து வைத்திருப்பார். கீரையும் கத்தரிக்காயும் திருவேற்காட்டுத் தோட்டங்களிலிருந்து வரும். மற்றதெல்லாம் அந்நாளில் கொத்தவால் சாவடியிலிருந்து, பிற்பாடு கோயம்பேட்டிலிருந்து. எல்லாம் வந்து இறங்குவது அவருடைய பழைய பிக்கப்பில். ஓட்டுவதும் அவர்தான்.

பெண்பிள்ளை பிக்கப் ஓட்டுவதா என்று அந்தக் காலத்தில் ஆவடியே வாயைப் பிளந்து பார்த்தது. அவர் கணவர் ஏகாம்பரம் லாரி டிரைவராக இருந்தவர். பட்டறை ஒன்றில் தெறித்த இரும்புத் துகள் அவருடைய ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. லைசென்சும் போயிற்று. ஏலத்தில் எடுத்திருந்த பிக்கப் வீட்டு வாசலில் சும்மா நின்றது. இரண்டு பெண் குழந்தைகள். பவுனம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார், ஏகாம்பரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். "ஒரே மாசத்துல கத்துகினேன் அண்ணாத்தே," என்பார் என்னிடம். "இவுரு வாயை மூடிகினு குந்தியிருந்தா பத்தே நாள்ல கத்துகினு இருப்பேன்." ஏகாம்பரம் மறுத்ததில்லை. கடைசி வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கியரு, கியரு," என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஒருமுறை புதிதாக வந்த காவலாளி ஒருவர் கேட்டில் வண்டியை மறித்து, டிரைவர் எங்கே என்று ஏகாம்பரத்தைக் கேட்டிருக்கிறார். "இன்னா சார், ஸ்டேரிங்கு என் கையிலதான கீது? அவுரு கையில கத்தரிக்கா கூடைதான் கீது!" என்றாராம் பவுனம்மா. அந்தக் காவலாளிக்கு அன்று முதல் பெயரே கத்தரிக்காய் என்று ஆகிவிட்டது, பாவம்.

இனி சைலன்சர். எண்பதுகளின் பாதியில் ஒரு மழைக்காலம். அந்த வண்டியின் சைலன்சர் துருப்பிடித்து அடியில் வாய் பிளந்துவிட்டது. பவுனம்மா கம்பி போட்டுக் கட்டினார், தகரம் சுற்றினார், என்னவெல்லாமோ பூசினார். இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் மறுபடியும் படபடவென்று வெடிக்கும். காலையில் வண்டி கேட்டுக்குள் நுழைந்தால் ஒரு தெரு தள்ளி நாய்கள் ஓடும். பெண்களுக்கு அது வசதி. எவ்வளவு வேலையில் இருந்தாலும் கேட்டுவிடும், பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸில் பாதி ஆண்கள் இரவு ஷிப்டு. ராத்திரி முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் கண்ணை மூடியிருப்பார்கள். ஒருத்தர் தூக்கக் கலக்கத்தில் வேலைக்குப் போய் விரலை நசுக்கிக்கொண்டார். அதற்கப்புறம் சங்கத்தில் சண்டை வெடித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வரதராஜன் வண்டிக்கு முன்னால் போய் நின்றார். நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். "திங்கக்கிழமைலேர்ந்து இந்தச் சத்தத்தோட வண்டி உள்ள வரக் கூடாதும்மா. சைலன்சரை மாத்திட்டு வாங்க, இல்லன்னா கேட்டுக்கு வெளியவே நிறுத்துங்க," என்றார். கேட்டுக்கு வெளியே நெடுஞ்சாலை. அங்கே யார் வந்து கீரை வாங்குவார்கள்? பவுனம்மா கோபப்படவில்லை. "சார், இந்த கேட்ட சாத்திட்டீங்கன்னா எங்க ஊட்டு அடுப்பு அணைஞ்சிடும். ஆனா தூங்குறவங்க வயித்தெரிச்சலும் எனக்கு வாணாம். மாத்திடறேன்," என்றார். பிறகு எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணாத்தே! நீ இன்ஜின் செக்சன்தான? சாயங்காலம் பூந்தமல்லிக்கு வந்துடு!" நான் அப்போதுதான் படுத்திருந்தேன். தூங்குகிறவனை அவரே கத்தி எழுப்பியதை எழுதாமல் விட்டால் வரதராஜன் சும்மா விடமாட்டார்.

அந்த பிக்கப்புக்குக் கம்பெனி சைலன்சர் கிடைக்காது. வண்டி மாடலே நின்றுபோயிருந்தது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் காதர் பாய் கடையில்தான் அளவெடுத்துச் செய்து தருவார்கள். வாசலில் சைலன்சர்களை வாழைத்தார் மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார். அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டிச் சொன்னது இதுதான்: உள்ளே தகடு கூடினால் சத்தம் குறையும், வண்டியின் இழுவையும் குறையும். தகடு குறைந்தால் வண்டி பறக்கும், ஊரும் எழுந்துவிடும். "என்னா மாதிரி வேணும்? நீங்களே சொல்லுங்க," என்றார். நான் இன்ஜின் பிரிவு என்ற மிதப்பில், "சத்தமே வரக் கூடாது பாய்," என்றேன். ஏகாம்பரமும் அதையே சொன்னார். பவுனம்மாவும் அதையேதான் சொன்னார். திங்கட்கிழமை கேட் திறக்க வேண்டும், அந்த ஒரு கவலைதான் எங்கள் மூவருக்கும். இருப்பதிலேயே நீளமான, கனமான, வாயில்லாப் பூச்சியான ஒன்றை மாட்டிக்கொண்டு திரும்பினோம். கிளம்புமுன் பவுனம்மா மட்டும் பாயிடம் இன்னொன்றும் கேட்டிருந்தார். "பொகை யாரு மூஞ்சில போவும் பாய்? பின்னால பொம்பளைங்க நின்னுகினு கொத்தமல்லி பொறுக்குவாங்க. வால் குழாயைக் கீழ்ப் பக்கமா திருப்பிக் குடு." சைலன்சர் வாங்க வருகிற ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை என்று பாய் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. நான் அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். அந்த மாதிரித் தூக்கம் அந்த வருஷத்திலேயே வரவில்லை. பத்து மணிக்கு மேல் செண்பகம் உலுக்கி எழுப்பினாள். "என்ன தூக்கம் தூங்குதீய? வண்டியே வரல பாத்தியளா? சாம்பாருக்கு ஒரு முருங்கைக்காய் இல்ல வீட்டுல!" என்றாள். வண்டி வரவில்லையா? பதறிக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். வண்டி வந்திருக்கிறது! எல்லாத் தெருவிலும் நின்று நின்று போயிருக்கிறது. ஒரு ஈ காக்கை இறங்கவில்லை. கேட்டில் பெரிய எழுத்தில் பலகை உண்டு, ஹாரன் அடிக்கக் கூடாது, கூவி விற்கக் கூடாது என்று. பவுனம்மா அந்தப் பலகையை மீறியவர் இல்லை. அடுக்களையில் குக்கரும் ரேடியோவும் அலறிக்கொண்டிருக்க, அந்த வாயில்லாப் பூச்சி வந்ததும் போனதும் ஒருத்திக்கும் தெரியவில்லை. போதாக்குறைக்கு ரயில்வே கேட் மேட்டில் பாரத்தோடு ஏற முடியாமல் வண்டி முக்கி முனகியிருக்கிறது.

கேட்டுக்கு வெளியே வேப்ப மர நிழலில் வண்டி நின்றது. கீரைக் கட்டுகள் தலை தொங்கிவிட்டன. ஏகாம்பரம் அவற்றின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டால் கேட் மூடும், போடாவிட்டால் வியாபாரம் படுக்கும். அவர் என்ன செய்வார்? பவுனம்மா என்னைப் பார்த்ததும், "இன்னா அண்ணாத்தே, நல்லா தூங்கினியா?" என்று கேட்டார். குத்திக் காட்டுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, உண்மையாகவே கேட்டிருக்கிறார். "நல்லாத் தூங்குனேன்," என்றேன். "தா, அதுல பாதி வேலை முடிஞ்சிடிச்சு. நீ தூங்கணும், உன் பொஞ்சாதிக்குக் கேக்கணும். அந்த மாதிரி ஒண்ணு இல்லாமயா பூடும்?" என்றார். "தூங்குறவன் எழுந்துக்கக் கூடாது, சமைக்கிறவளுக்குக் கேக்கணும்." அதற்கப்புறம் வாழ்நாள் முழுவதும் அவர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது. முதலில் சொன்னது அந்த வேப்ப மரத்தடியில்.

கூட வந்திருந்த செண்பகம் அப்போது ஒன்று சொன்னாள். "நம்ம வீடுகள்ல எல்லா அடுக்களையும் ரோட்டப் பாத்துதான இருக்கு? படுக்கற ரூம்பு பின்னால. அப்ப சத்தமும் அடுக்களைப் பக்கமா போனா போதும்லா?" பவுனம்மா அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார். "இன்ஜின் செக்சனுக்கு நீ போயிருக்கணும் கண்ணு!" என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இவள் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே, அதைத் தனியாக எழுத வேண்டும்.

அன்றே பூந்தமல்லிக்குப் போய் பவுனம்மா காதர் பாயிடம் பேசினார். பாய்க்குச் சொந்த கௌரவம் வேறு. "என் கடை சைலன்சரால ஒரு அம்மாவுக்கு யாவாரம் படுத்துதுன்னு பேர் வரக் கூடாது," என்று, ஞாயிற்றுக்கிழமை காலை வேறு இரண்டு சைலன்சர்களையும் ஸ்பானர் பையையும் பிக்கப்பின் பின்னால் போட்டுக்கொண்டு அவரே வந்துவிட்டார். சோதனை எங்கள் வீட்டில். அதாவது, நான் இரவு ஷிப்டு முடித்து வந்து என் கட்டிலில் என் பாட்டுக்குத் தூங்க வேண்டும். செண்பகம் அடுக்களையில் குக்கரை ஏற்றி, ரேடியோவைப் போட்டு, எப்போதும் போலச் சமைக்க வேண்டும். சங்கத்தின் சார்பில் வரதராஜன் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டி ஒவ்வொரு சைலன்சராக மாட்டிக்கொண்டு தெருவில் போகும். என் இமை அசைகிறதா என்று பார்க்கும் பொறுப்பு ஏகாம்பரத்துடையது. "ஒரு கண்ணோட எப்படிப் பாப்பீங்க?" என்று வரதராஜன் கேட்டாராம். "அண்ணாத்தே தூங்குறத பாக்க ஒண்ணே ஜாஸ்தி சார்," என்றாராம் ஏகாம்பரம். உலகத்தில் வேறெங்காவது தூங்குகிற ஆளை வைத்து சைலன்சர் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் சுற்று, அந்த வாயில்லாப் பூச்சி. நான் தூங்கினேன், செண்பகம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது, பாய் கொண்டுவந்ததில் தகடே இல்லாத குட்டைக் குழாய். அது வந்தபோது நான் கட்டிலிலிருந்து எகிறிக் குதித்து, "எங்க தீ? எங்க தீ?" என்று கத்தினேனாம். அடுக்களையில் கரண்டி விழுந்தது. மாடி வீட்டுக் குழந்தை வீறிட்டது. பவுனம்மா வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து பின்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மன்னிச்சுக்க அண்ணாத்தே, படுத்துக்க, படுத்துக்க," என்றார், தொட்டில் பிள்ளையிடம் சொல்வதுபோல. நானும் படுத்துக்கொண்டேன். பாய் தெருவில் வண்டிக்கு அடியில் படுத்து நட்டைத் திருகிக்கொண்டிருந்த சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அதுதான் எனக்கு நினைவிருப்பது.

மூன்றாவது சுற்றைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் கேள்விப்பட்டதுதான். நடுத்தரமான பெட்டி, இரண்டே தகடு. வால் குழாயை ரோட்டோரம் அடுக்களைகள் இருக்கும் பக்கமாகத் திருப்பி, புகை தரையில் படும்படி முனையை மட்டும் கீழே வளைத்திருந்தார் பாய். வண்டி தெருவில் திரும்பியதும் அடுக்களையில் செண்பகம் தலையைத் தூக்கினாள். குக்கர் விசில், ரேடியோ எல்லாவற்றுக்கும் அடியில் கும்மென்று ஒரு சத்தம், அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. அடுப்பைத் தணித்துவிட்டுப் பையை எடுத்தாள். எதிர்வீட்டிலும் பை, மாடியிலும் பை. யாருக்கும் யாரும் சொல்லவில்லை, தெருவே இறங்கி வந்தது. வரதராஜன் எழுந்து என் அறைக்குள் பார்த்தார். ஏகாம்பரம் என் முகத்துக்கு மேல் குனிந்து, தன் ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்துவிட்டு, வெளியே போய்க் கையை உயர்த்தினாராம். "அண்ணாத்தே பாஸ்!" நான் எழுந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வீட்டில் ஒருத்தருமில்லை. அடுக்களையில் பை நிறையக் காய். திங்கட்கிழமை கேட் திறந்தது.

அதன் பிறகு அது நம் குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சைலன்சர் என்ன, காலத்துக்குமா இருக்கும்? சில வருஷத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கும். பாய் அதே அளவில் புதிதாக அடித்துக் கொடுப்பார். அதே அளவு, அதே தகடு, சோதனை எதற்கு என்று நாம் கேட்டால் பவுனம்மா ஒப்ப மாட்டார். "இரும்பு ஒண்ணுதான் அண்ணாத்தே. தூக்கம் வேற வேற," என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிப்பார். நான் தூங்குவேன், செண்பகம் சமைப்பாள், எல்லோருக்கும் டீ உண்டு. ஒவ்வொரு முறையும், "அண்ணாத்தே பாஸ்!" ஃபேக்டரியில் எனக்குக் கிடைக்காத பேரும் புகழும் கட்டிலில் கிடைத்தது. கடைசியாகச் சோதனை நடந்தது போன சித்திரையில். அதில் நான் குறட்டையும் விட்டேனாம். "இந்தத் தடவ பஸ்ட் கிளாஸு," என்று சொல்லி, எனக்கென்று ஒரு கட்டுப் புளிச்ச கீரையைக் கட்டிலோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

சத்தம் கேட்காமல் தூங்கினேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அது சரியில்லை என்று அந்த வியாழக்கிழமை தெரிந்தது. காது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தச் சத்தம் வந்து போனால்தான் தூக்கம் கெட்டிப்படும் என்று உடம்பு பழகியிருக்கிறது. அன்று அது வராமல் போனதும் விழித்துக்கொண்டேன். அதற்கப்புறம் எனக்குப் பகல் தூக்கமே இல்லை. மாத்திரை போட்டுப் பார்த்தேன், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் பார்த்தேன். கண்ணை மூடினால், "நல்லா தூங்கினியா?" என்று அவர் கேட்கிற மாதிரி இருக்கும். எங்கே தூங்குவது?

கருமாதிக்குத் திருவேற்காட்டுக்குப் போயிருந்தோம். குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம். வரதராஜன் வந்தார், காதர் பாய் வந்தார். செண்பகம் பின்கட்டில் பெண்களோடு காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். நான் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். பிக்கப் தெருவோரம், மாலை போட்டு நின்றது. பவுனம்மா போன நாள் முதல் அதை யாரும் எடுக்கவில்லை. ஏகாம்பரம் மூத்த மகள் லட்சுமியைக் கூப்பிட்டார். அவளுக்கும் அம்மா வண்டி ஓட்டப் பழக்கியிருந்தார். "பேட்டரி இறங்கிடும்மா, ஒரு தபா ஸ்டார்ட் பண்ணு," என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். சாவியைத் திருகினாள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் திறந்தபோது ஏகாம்பரம் என் முகத்துக்கு மேல் குனிந்திருந்தார். அந்த ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். பந்தலில் அத்தனை பேர் நடுவில், சாவு வீட்டில், வாயைப் பிளந்து தூங்கியிருக்கிறேன். வெட்கத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் தலையை வண்டிப் பக்கம் அசைத்தார். வண்டியின் பின்பக்கம் செண்பகம் நின்றிருந்தாள். பின்கட்டிலிருந்து எப்போது எழுந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கையில் யாருடைய பையோ ஒரு பை. அவளுக்கு இரண்டு பக்கமும் நம் குவார்ட்டர்ஸ் பெண்கள் நாலைந்து பேர், அவர்கள் கையிலும் ஏதேதோ பை. வெறும் வண்டிக்குப் பின்னால் வரிசையாக நின்று, ஒருத்தியை ஒருத்தி பார்த்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். ஏகாம்பரம் என் தோளைத் தட்டினார். "அண்ணாத்தே பாஸ்," என்றார், மெதுவாக.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. இரவு ஷிப்டும் இல்லை, பகலில் தூங்க வேண்டிய அவசியமும் இல்லை. வரும் திங்கள் முதல் லட்சுமி வண்டி எடுக்கிறாள், பக்கத்து சீட்டில் கியரு சொல்ல ஏகாம்பரமும் வருகிறார். பவுனம்மாவின் தராசு, கூடை, வண்டி எல்லாம் அவர்களிடமே இருக்கட்டும். எனக்கென்று அவர் விட்டுப் போனது ஒரு வேலை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். லட்சுமி, கேட்டுக்கோ. சைலன்சர் எப்போது மாற்றினாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்துச் சொல். அதற்கு முந்தின ராத்திரி முழுக்க முழித்திருந்து வந்து படுக்க இந்த அண்ணாத்தே இருக்கிறேன்.